உணவில்லாமல் உடல் எத்தனை நாள் தாங்கும்?

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் பழைய பாறைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதை அது பதிவு செய்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1952-இல், தனி ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 58-ஆவது நாள் இறந்தார். 1956-இல் ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார் அக்டோபர் 13 வரை உயிரோடிருந்தார். 1981-இல் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸ் 66-ஆவது நாள் இறந்தார். அவரோடு சேர்த்து அந்தப் போராட்டத்தில் இறந்தவர்கள் 10 பேர். அவர்களில் மிகக் குறைந்த நாள் தாங்கியவர் 46, மிக அதிகம் தாங்கியவர் 73.

நாடும் காலமும் வேறு, ஆனால் எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு ஏறக்குறைய 45 முதல் 75 நாள் வரை உயிரோடிருக்க முடியும். ‘உணவின்றி மூன்று வாரம்’ என்று அடிக்கடி சொல்லப்படும் கணக்கு மெலிந்த உடலுக்குத்தான் சரி. உண்மையில் இந்த நாள் கணக்கு விரதம் இருப்பவரின் மன உறுதியைப் பொறுத்ததில்லை. உடலில் எரிக்க என்ன இருக்கிறது, அது எந்த வரிசையில் எரிகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் தண்ணீரைத் தனியே பிரித்துவிட வேண்டும்

1987 செப்டம்பர் 15 அன்று யாழ்ப்பாணம் நல்லூரில் திலீபன் நீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 26 அன்று, 12-ஆவது நாளில், இறந்தார். மேலே சொன்ன எண்களுக்கும் இந்த 12-க்கும் உள்ள இடைவெளி முழுக்கத் தண்ணீரால் வந்தது.

60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 36 லிட்டர் நீர் இருக்கிறது. அசையாமல் படுத்திருந்தாலும் மூச்சிலும் தோலிலும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் போய்விடும். கழிவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் குறைந்தது அரை லிட்டர் வேண்டும். வெயிலில் வேலை செய்தால் வியர்வையில் மட்டும் மணிக்கு ஒரு லிட்டர் போகலாம். நீரிழப்பு உடல் எடையில் 10 சதவீதத்தை எட்டினாலே ஆள் தள்ளாடிப் பிதற்றத் தொடங்குவார், அதைத் தாண்டினால் சிறுநீரகம் செயலிழக்கும். அதனால்தான் தண்ணீர் இல்லாமல் சாதாரணமாக 3 நாள் முதல் ஒரு வாரம் வரை என்கிறோம். 12 நாள் என்பது எல்லையின் விளிம்பு. அதுவும் எப்படி முடிகிறதென்றால், கொழுப்பு எரியும்போது உடலுக்குள்ளேயே கொஞ்சம் நீர் உண்டாகிறது. 100 கிராம் கொழுப்பிலிருந்து 100 மில்லியைச் சற்றுத் தாண்டும். சாப்பிடாதவருக்குக் கழிவும் குறைவு என்பதால் சிறுநீரும் சுருங்குகிறது.

இனி சொல்வதெல்லாம் தண்ணீர் குடிப்பவருக்கான கணக்கு.

முதல் மூன்று நாள்

கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாடு ஐந்தாறு மணி நேரத்தில் செரித்து முடிந்துவிடும். பிறகு கல்லீரல் தன் கையிருப்பைத் திறக்கிறது. கிளைக்கோஜன் என்ற வடிவில் அங்கே 100 கிராமுக்கு மிகாமல் சர்க்கரை சேமிக்கப்பட்டிருக்கும். தசைகளில் 300, 400 கிராம் இருந்தாலும், தசை தன் கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக இரத்தத்துக்குத் தராது. அதைத் தானே எரித்துக்கொள்ளும். ஆகவே மூளைக்குப் பயன்படுவது கல்லீரலின் அந்த 100 கிராம்தான், அது ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளைக்கோஜன் கரையும்போது அந்த நீரும் சிறுநீரில் போய்விடும். மூன்றே நாளில் 2 கிலோ குறைந்துவிட்டது என்று பட்டினி உணவுமுறைக்காரர்கள் காட்டும் எடையில் பெரும்பகுதி இந்த நீர்தான். சாப்பிட ஆரம்பித்ததும் அது திரும்பிவிடும்.

உண்மையான நெருக்கடி இரண்டாம் நாள் தொடங்குகிறது. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். கொழுப்பு கிலோக்கணக்கில் இருந்தும் இங்கே உதவாது, ஏனென்றால் கொழுப்பு அமிலத்தை மனித உடலால் குளுக்கோஸாக மாற்ற முடியாது. கொழுப்போடு ஒட்டியிருக்கும் கிளிசராலில் இருந்து மட்டும் சிறிதளவு கிடைக்கும். மிச்சத்துக்குத் தசையை உடைத்து, அதன் புரதத்தைக் கல்லீரலுக்கு அனுப்பி, அங்கே குளுக்கோஸ் செய்ய வேண்டும். விறகு தீர்ந்த வீட்டில் உத்தரத்தை உடைத்து அடுப்பெரிப்பது போன்ற வேலை இது.

இந்த நாட்களில் தினமும் 75 கிராம் அளவுக்குப் புரதம் கரைகிறது. தசையில் ஐந்தில் ஒரு பங்குதான் புரதம் என்பதால், அது 350 கிராமுக்கு மேற்பட்ட சதைக்குச் சமம். தலைவலி, எரிச்சல், வயிற்றைக் கிள்ளும் பசி எல்லாம் உச்சத்தில் இருப்பதும் இப்போதுதான்.

கீட்டோன் என்ற மாற்று எரிபொருள்

மூளைக்கான குளுக்கோஸ் முழுவதும் தசையிலிருந்தே வந்துகொண்டிருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் கதை முடிந்துவிடும். அப்படி முடியாததற்குக் காரணம் கல்லீரல் கொழுப்பிலிருந்து தயாரிக்கும் கீட்டோன்கள்.

இன்சுலின் குறையக் குறையக் கொழுப்புச் செல்கள் கொழுப்பு அமிலத்தை இரத்தத்தில் விடுகின்றன. கல்லீரல் அதை வெட்டி, நீரில் கரையக்கூடிய சிறு மூலக்கூறுகளாக்குகிறது. கொழுப்பு அமிலத்தை மூளை எரிபொருளாக ஏற்பதில்லை, இவற்றை ஏற்கிறது. 1960-களில் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹில் குழுவினர், பருமனைக் குறைக்க ஐந்தாறு வாரம் பட்டினி இருந்தவர்களின் மூளைக்குள் போகும் இரத்தத்தையும் வெளிவரும் இரத்தத்தையும் எடுத்து அளந்து பார்த்தார்கள். மூளையின் எரிபொருளில் பாதிக்கு மேல் கீட்டோனாக இருந்தது. மூளைக்குக் குளுக்கோஸைத் தவிர வேறெதுவும் ஆகாது என்று அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இதன் பலன் தசைக்குத்தான். இரண்டு, மூன்று வாரம் ஆனதும் தினசரிப் புரத இழப்பு 75 கிராமிலிருந்து சுமார் 20 கிராமாகக் குறைந்துவிடுகிறது. பசியும் மூன்றாம், நான்காம் நாளுக்குப் பிறகு பெரும்பாலும் மங்கிவிடும். வாயில் ஒருவித இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை வரும். மூச்சில் வெளியேறும் அசிட்டோனின் வாடை அது. உடல் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. நாடித்துடிப்பு குறையும், கைகால் சில்லிடும், தைராய்டு இயக்கம் தணியும். படிப்படியாக அன்றாடச் செலவு நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

165 செ.மீ. உயரம், 60 கிலோ எடை, 15 சதவீதம் கொழுப்பு உள்ள ஒரு ஆண். கொழுப்பு 9 கிலோ. அதில் நரம்பு, எலும்பு மஜ்ஜை, செல் சவ்வு என்று கரைக்க முடியாதது போக, எரிக்கக் கிடைப்பது ஏறக்குறைய 6.5 கிலோ. கிராமுக்கு 9 கலோரி வீதம் 58,500 கலோரி. இதோடு உயிருக்கு ஆபத்தில்லாமல் இழக்கக்கூடிய புரதம் 2 கிலோ என்று வைத்தால் 8,000 கலோரி. மொத்தம் 66,500. பட்டினியில் படுத்திருக்கும் உடலின் செலவு நாளொன்றுக்கு 1,100 முதல் 1,300 கலோரி. வகுத்தால் 51 முதல் 60 நாள். கல்வெட்டு சொல்லும் 57 இதற்குள் அடங்குகிறது.

இதே கணக்கை 45 கிலோ எடையும் 8 சதவீதம் கொழுப்பும் உள்ள மெலிந்தவருக்குப் போட்டால் எரிக்கக் கிடைப்பது 1.6 கிலோ கொழுப்புதான். மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். பெண்களுக்கு இயல்பாகவே கொழுப்பு அதிகம், செலவும் சற்றுக் குறைவு. அதே எடையுள்ள ஆணைவிட அதிக நாள் தாங்குவார்கள்.

கொழுப்பு தீர்ந்த பிறகு நடப்பதுதான் கொடுமை. கீட்டோன் செய்யச் சரக்கில்லாததால் உடல் மறுபடி புரதத்தின் மேல் பாய்கிறது. இம்முறை விலா இடைத் தசையும் உதரவிதானமும் இதயமும் தப்பாது. இருமிச் சளியை வெளியேற்றக்கூட வலுவில்லாமல் நிமோனியாவில் இறப்பவர்கள் பலர். அந்த நிலையில் காய்ச்சல்கூடச் சரியாக வராது, உடம்பு 35 டிகிரி செல்சியஸில் குளிர்ந்து கிடக்கும். காய்ச்சல் இல்லையே என்று கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது.

பொதுவாகத் தொடக்க எடையில் 40 சதவீதம் போனால் உயிர் தங்குவது அரிது. உடல் நிறை எண்ணில் (பி.எம்.ஐ.: கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) சொன்னால், ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 11 என்ற அளவு. மேலே பார்த்த 165 செ.மீ. ஆணுக்கு 13 என்பது 35 கிலோ.

கொழுப்பு மட்டும் போதுமா?

இந்த இடத்தில் ஆங்கஸ் பார்பியரியைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 27 வயது இளைஞர். 1965-66-இல் டண்டீ மருத்துவர்களின் கண்காணிப்பில் 382 நாள் உணவில்லாமல் இருந்தார். 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். ஒரு கிலோ எடைக்கு 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், இழந்த 125 கிலோ அவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,500 கலோரி தந்திருக்கிறது. அதாவது உணவை வயிற்றில் போடவில்லையே தவிர, ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. வைட்டமின்களும் ஈஸ்டும் அவருக்குத் தரப்பட்டன. பொட்டாசியமும் சோடியமும் இடையில் சில காலம் தரப்பட்டன. இரத்தப் பரிசோதனையும் இடைவிடாது நடந்தது.

இதைப் பார்த்து, பருமனானவர் எத்தனை நாளும் பட்டினி கிடக்கலாம் என்று நினைத்தால் தவறு. அதே காலகட்டத்தில் இதேபோன்ற சிகிச்சைப் பட்டினியில் இருந்தவர்களில் சிலர், கொழுப்பு ஏராளமாக மிச்சமிருக்கும்போதே இறந்தார்கள். கொழுப்புக் கிடங்கில் இல்லாத மூன்று பொருள்கள் அதற்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும்.

முதலாவது உப்பு. பட்டினியின் முதல் வாரத்தில் சோடியம் சிறுநீரில் கொட்டுகிறது. எழுந்து நின்றால் கண் இருட்டும். நீண்ட உண்ணாவிரதம் இருப்பவருக்கு மருத்துவர்கள் ஒன்றரை முதல் 2 லிட்டர் தண்ணீரும், அரைத் தேக்கரண்டி உப்பும் நாள்தோறும் சொல்வது இதனால்தான். உப்பில்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் மேலும் நீர்த்து, குழப்பமும் வலிப்பும் வரும்.

இரண்டாவது பொட்டாசியமும் மக்னீசியமும். இவை குறைந்தால் இதயத்தின் மின்னோட்டம் தடம் மாறும். நாடி நிமிடத்துக்கு 40 என்று மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் மெலிந்த இதயம் திடீரென்று தாளம் தப்பி நின்றுவிடும். முந்தைய நாள் வரை பேசிக்கொண்டிருந்தவர் காலையில் இறந்து கிடப்பது இப்படித்தான்.

மூன்றாவது தயமின் எனும் வைட்டமின் பி1. உடல் முழுவதும் சேர்த்தே 30 மில்லிகிராம் அளவுதான் இருப்பு, இரண்டு மூன்று வாரம்தான் வரும். தீட்டிய பச்சரிசியையே நம்பியிருப்பவருக்குத் தொடக்கமே குறைவு. நெல்லை வேகவைக்கும்போது பி1 உள்ளே இறங்கிவிடுவதால் புழுங்கலரிசி இதில் மேல். 1981 அயர்லாந்து உண்ணாவிரதிகளுக்கு ஐந்தாம், ஆறாம் வாரத்தில் கருவிழிகள் நிலையில்லாமல் ஆடின, பார்வை மங்கியது, தலைசுற்றலும் வாந்தியும் வந்தன. தண்ணீரைக்கூட உள்ளே வைக்க முடியவில்லை. தயமின் குறைந்தால் மூளை அடித்தண்டில் வரும் பாதிப்போடு இது ஒத்துப்போகிறது. கண் ஆடுவதும் நடை தள்ளாடுவதும் தெரிந்தால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக்கூடாது.

அரைப்பட்டினி

பஞ்சத்தில் பெரும்பாலோர் முழுப் பட்டினியில் இறப்பதில்லை. போதாத உணவில் மாதக்கணக்கில் தேய்ந்து, வயிற்றுப்போக்கு, காலரா, மலேரியா, அம்மை என்று ஏதாவது ஒரு தொற்றில் போகிறார்கள். அதனால் பஞ்சச் சாவின் உண்மைக் கணக்கு ‘பட்டினிச் சாவு’ என்ற பதிவேட்டுக்குள் ஒருபோதும் முழுதாக வராது.

1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல சான்று. 36 ஆரோக்கியமான இளைஞர்கள் 24 வாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரியில் இருந்தார்கள். எடையில் நான்கில் ஒரு பங்கு போனது. காலில் நீர் கோத்தது, கோடையிலும் குளிர்ந்தது, சிந்தனை முழுக்கச் சாப்பாட்டிலேயே இருந்தது. அவர்கள் வாரத்துக்கு 22 மைல் நடந்தார்கள், மற்றபடி பெரிய உடலுழைப்பில்லை.

இந்த எண்ணோடு இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1877-இல், சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று நிர்ணயித்தார். அதாவது சுமார் 450 கிராம். அரிசியென்றால் 1,600 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. மினசோட்டாவில் நல்ல ஊட்டத்தோடு தொடங்கிய இளைஞர்களை எலும்பும் தோலுமாக்கிய அதே அளவை, ஏற்கெனவே மெலிந்து வந்தவர்களுக்குக் கொடுத்து, கல் உடைக்கவும் மண் சுமக்கவும் வைத்தார்கள்.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

குழந்தைகளுக்குப் பொருந்தாது. உடலோடு ஒப்பிட்டால் மூளை பெரிது, கல்லீரலில் சர்க்கரைக் கையிருப்பு சிறிது, தசையும் கொழுப்பும் கொஞ்சம். ஊட்டம் குறைந்த கைக்குழந்தைக்கு ஒரு இரவு உணவு தவறினாலே சர்க்கரை அபாயமாக இறங்கலாம். கர்ப்பிணிகளுக்குக் கீட்டோன் மிக வேகமாக ஏறும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் நீரிழிவுக்காரர் மருந்தை மாற்றாமல் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே மயங்கி விழக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து எதிர்ப்புறமாக வரும். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடும்.

மறுபடி சாப்பிடும்போது

1945 ஏப்ரல் 15 அன்று பெர்கன்-பெல்சன் வதைமுகாமை மீட்ட பிரிட்டிஷ் படையினர், கையிலிருந்த ராணுவ உணவை அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் பலர் இறந்தார்கள். பிறகு 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்படுத்திய, சர்க்கரை மிகுந்த கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் இனிப்பைக் கிழக்கு ஐரோப்பியர்களால் விழுங்க முடியவில்லை.

பட்டினி உடலுக்குள் மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் ஒரேயடியாக ஏறுகிறது. இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் செல்களுக்குள் ஓடிவிடுகின்றன. பாஸ்பேட் இல்லாமல் எந்தச் செல்லும் ஆற்றலை உண்டாக்க முடியாது. மூச்சுத் தசை ஓய்கிறது, இதயம் தடுமாறுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைப்பதால் கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும், அதுவும் இல்லை. பெரும்பாலும் முதல் மூன்று நான்கு நாட்களில் இது நடந்துவிடும்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாக வரையறுக்கிறது. 5 நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் தரக்கூடாது. 10 நாளைத் தாண்டியவருக்கோ உடல் நிறை எண் 16-க்குக் கீழே உள்ளவருக்கோ கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்கி, 4 முதல் 7 நாளில் மெல்லக் கூட்ட வேண்டும். 15 நாளைத் தாண்டினாலோ எண் 14-க்குக் கீழே போனாலோ 5 கலோரிதான், இதயத் துடிப்பையும் இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பே தயமினைத் தொடங்கி, 10 நாள் வரை தினமும் 200-300 மி.கி. தர வேண்டும்.

40 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 10 என்றால் ஒரு நாள் முழுவதற்கும் 400 கலோரி. நம் சமையலறை அளவில் இது 50 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சியும் 300 மில்லி பாலும், ஆறேழு வேளையாகப் பிரித்து. பார்க்கும் உறவினருக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றும். ‘இத்தனை நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு இவ்வளவுதானா’ என்று ஒளித்து இட்லி ஊட்டுபவர்கள் இருக்கிறார்கள். அன்புதான் காரணம், ஆனாலும் ஆபத்து. வெறும் கஞ்சியைவிடப் பாலோடு சேர்ந்த கஞ்சி மேல், ஏனென்றால் 100 மில்லி பாலில் 90 மில்லிகிராம் அளவு பாஸ்பரஸ் இருக்கிறது. தீட்டிய அரிசிக் கஞ்சியில் மாவுச்சத்து மட்டுமே மிகுதி.

உண்ணாவிரதத்தை முடித்து வைக்கும் பழரசத்திலும் இதே சிக்கல் உண்டு. இரண்டு மூன்று நாள் விரதத்துக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் ஆனவருக்கு ஒரு பெரிய டம்ளர் சர்க்கரைச் சாறு வேண்டாம். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் மாட்டும் குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றியும் கேட்க வேண்டும்: பி1 ஊசி போட்டாகிவிட்டதா? 500 மில்லி கொண்ட 5 சதவீத பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. பி1 இல்லாத மூளைக்கு அந்த அளவே நிரந்தரமான மறதி நோயை உண்டாக்கிவிடலாம். பிறகு முதல் மூன்று நாளாவது தினமும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் இரத்தத்தில் பார்க்க வேண்டும். எடையையும் காலையில் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறியிருந்தால் அது சதையாக இருக்க வழியில்லை, நீர்தான் கோக்கிறது. உடனே உணவின் அளவைக் குறைத்து மருத்துவரை அழைக்க வேண்டும்.